பாதிப் படகுக்கு ஊர் கொடுத்த மதிப்பெண்

ஸ்கார்வேயா
8 நவம்பர் 2011, செவ்வாய்

அன்புள்ள சுன்னிவாவுக்கு,

ஓஸ்லோ போய்ச் சேர்ந்ததும் உன் தொண்டைக்கட்டு தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். என் முழங்கால்கள் தம் வயதுக்குரிய மரியாதையை எதிர்பார்க்கின்றன, மற்றபடி குறையில்லை. தொலைபேசியில் யார் பேசுவதும் எனக்குக் கேட்பதில்லை. ஆகவே உன் அம்மா உயிரோடிருந்தபோது அவளுக்கு எழுதியதைப் போலவே உனக்கும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை, ஐந்தாம் தேதி, நம் ஊர் மன்றத்தில் உன் ‘பாதிப் படகு’ திரையிடப்பட்டது தொடர்பாக இரண்டு குறிப்புகள். முதலாவது, கடற்கரைக் காட்சி 2010 அக்டோபர் 13 அன்று எடுக்கப்பட்டதாகப் படத்தின் முடிவில் எழுத்து வருகிறது. தவறு. பதினான்காம் தேதி, வியாழக்கிழமை. கடலில் மூழ்கிச் செத்தவனாக, தலையில் பாசியுடன் இடுப்பளவு நீரில் நின்றவன் நான், எனக்குத் தெரியும். இரண்டாவது, மூன்று மணி நேரத்துக்குள் கடல் இருமுறை வற்றுகிறது. செத்தவன் பாதியாய் உடைந்த படகில் துடுப்பு வலித்துக்கொண்டு ஊர் திரும்புவதை ஏற்றுக்கொள்ளலாம். ஓதம் அப்படி நடந்துகொள்ளாது.

மாவட்டப் பத்திரிகை இன்று வந்தது. உன் படத்தின் பெயருக்கு அருகே, விமர்சகன் மதிப்பெண்ணாகப் போடும் பகடைப் படம். அதில் இரண்டு புள்ளிகள். இதே ஆசாமி சென்ற வாரம் ஒரு காதல் படத்துக்கு ஆறு கொடுத்திருந்தான். பகடைக்கு அதற்கு மேல் முகமில்லாததால் அத்துடன் நிறுத்திக்கொண்டான் போலும். அந்தப் பக்கத்தை உனக்கு அனுப்பப்போவதில்லை.

கழுத்தை மூடாமல் வெளியே போகாதே.

உன் மாமா
டூர்லைவ்


ஓஸ்லோ
20 நவம்பர் 2011

அன்பு மாமா,

தொண்டை சரியாகிவிட்டது. உங்கள் முழங்காலைத்தான் அந்தத் தண்ணீரில் நிறுத்திக் கெடுத்துவிட்டேனோ என்று இருக்கிறது. தேதியைத் திருத்திவிட்டேன். கடலைத் திருத்த முடியாது, மன்னியுங்கள்.

அந்தப் பத்திரிகையை இங்கேயே வாங்கிப் பார்த்துவிட்டேன். பகடையில் இரண்டு விழுந்தது வலிக்கவில்லை. மன்றத்தில் நடந்ததுதான் வலிக்கிறது. ஊரே நடித்த படம், ஊரே தூக்கிச் சுமந்து எடுத்த படம். முடிந்ததும் ஒருவர்கூடக் கை தட்டவில்லை. எல்லோரும் எழுந்து மேலங்கி மாட்டப் போனார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். படகு ஓட்டும் ஓட்வார் சொன்னது: “ம்… மோசமில்ல.” பக்கத்திலிருந்தவர்: “வாய்யா, காபி ஆறிடப்போவுது.” கடைக்கார போர்கில்ட் மட்டும் என்னிடம் வந்தார். “ஏண்டி, உன் மாமாவ அவ்ளோ நேரம் தண்ணியில நிக்க வெச்சியே, ஒரு கம்பளிக் காலுறையாச்சும் குடுத்தியா?” அவ்வளவுதான் விமர்சனம்.

நல்ல செய்தியும் உண்டு. பேய்ப்பட வெறியர்கள் கூடி மதிப்பெண் இடுகிற ஓர் இணையத்தளம் இருக்கிறது. ஸ்பெயினிலும் பிரேசிலிலும் முகம் தெரியாத சிலர் நம் படத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். லண்டனில் இப்படிப்பட்ட படங்களை வாங்கி உலகெங்கும் விற்கிற நிறுவனம் ஒன்று அதைக் கவனித்திருக்கிறது. பிப்ரவரி முடிவில் சொல்கிறோம் என்கிறார்கள். எடுத்துக்கொண்டால் அடுத்த படத்துக்கும் அவர்களே துணை. இல்லையென்றால், சால்மன் வளர்க்கும் நிறுவனம் ஒன்று விளம்பரப்படம் எடுக்க ஆள் கேட்கிறது, நிரந்தர வேலை. மீன்களுக்கு மார்ச் முதல் தேதிக்குள் பதில் சொல்லவேண்டும்.

எனக்கு வயது முப்பத்தாறு, மாமா. மூன்றாவது வாய்ப்பு என்று ஒன்று வரும் எனத் தோன்றவில்லை.

காலுறை அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள்ளுங்கள்.

சுன்னிவா


ஸ்கார்வேயா
29 நவம்பர் 2011, செவ்வாய்

அன்புள்ள சுன்னிவாவுக்கு,

காலுறைகள் நேற்று கிடைத்தன. இடது கால் சற்றுத் தளர்வு, இருப்பினும் அணிந்திருக்கிறேன்.

ஓட்வாரைப் பற்றி ஒரு விளக்கம். 1979 மே 6 அன்று அவனுக்கு மூத்த மகள் பிறந்தாள். குழந்தையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அவன் சொன்னதும் “மோசமில்லை” என்பதே. அதன்பின் உன் படத்துக்குத்தான் அச்சொல்லை அவன் வாயிலிருந்து கேட்கிறார்கள். இத்தீவில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே புகழ்வதில்லை என்பதை நீ மறந்துவிட்டாயா? மன்றத்தில் கை தட்டுவதென்றால், யாராவது மேடையிலிருந்து விழுந்தால் உண்டு.

ஒரு கேள்வி. அந்த இணையத்தளத்தில் யார் வேண்டுமானாலும் மதிப்பெண் இடலாமா? அதற்கென்று தேர்வு, உறுப்பினர் அட்டை முதலியன உண்டா? பெயரைத் தெளிவாக எழுதி அனுப்பு.

வேளைக்குச் சாப்பிடு.

டூர்லைவ் மாமா


ஓஸ்லோ
10 டிசம்பர் 2011

அன்பு மாமா,

இங்கே எல்லோருக்கும் சளி, எனக்கு இல்லை. தளத்தின் பெயரைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். மின்னஞ்சல் முகவரி இருந்தால் போதும், யாரும் இடலாம். நீங்கள் அதற்காக அலைய வேண்டாம். நல்லபடியாகவே நிற்கிறது, தொட்டால் கலைந்துவிடுமோ என்று நானே பார்க்காமல் இருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. வேறொருவர் படத்துக்கு வெட்டி ஒட்டும் வேலை. ஆட்டு விலாவை வேகவைக்கும்போது என் பங்கை போர்கில்டுக்குக் கொடுங்கள். தனியாகச் சாப்பிடாதீர்கள்.

சுன்னிவா


ஸ்கார்வேயா
16 ஜனவரி 2012, திங்கள்

அன்புள்ள சுன்னிவாவுக்கு,

புத்தாண்டில் நீ நலமாக இருக்கவேண்டும். நான் பல ஆண்டுகளில் இல்லாத அளவு நலமாக இருக்கிறேன்.

சனிக்கிழமை, 14 ஆம் தேதி, மாலை ஐந்து மணிக்கு நூலகத்தில் ஊர்ப்பணி நடந்தது. ஏப்ரலில் படகுத்துறையைக் கூட்டிப் பெருக்கும் ஊர்ப்பணிக்குக்கூட இத்தனை பேர் வருவதில்லை, நாற்பத்தேழு பேர். போர்கில்ட் வாஃபிள் சுட்டாள். எதற்கான பணி என்பதை இப்போது சொல்வது முறையாகாது. செய்ததைச் சொல்லிக்காட்டுவது நம் வழக்கமும் அன்று. சில நாட்களில் நீயே அறிவாய்.

உன் அம்மா இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பாள் என்று மட்டும் எழுதி நிறுத்துகிறேன்.

வழுக்குப் பனி, பார்த்து நட.

டூர்லைவ் மாமா


ஓஸ்லோ
22 ஜனவரி 2012

மாமா,

நீங்கள் நலமாக இருப்பதில் சந்தோஷம். அதைக் கெடுக்கும்படி எழுதவேண்டியிருக்கிறது.

அந்தத் தளத்தில் பத்துக்குத்தான் மதிப்பெண். நம் படம் 8.3-இல் நின்றது. ஜனவரி 14 அன்று மாலை இரண்டு மணி நேரத்தில் நாற்பத்தேழு பேர் உள்ளே வந்து, ஒருவர் விடாமல், ஆறு போட்டிருக்கிறார்கள். இப்போது 6.9. ஒருவர் நாலு, ஒருவர் ஒன்பது என்றால் ரசனை எனலாம். எல்லோரும் ஒரே எண் என்றால் பேசி வைத்துக்கொண்டு செய்தது. என் ஒளிப்பதிவாளன் யூஸ்தைன் விசாரித்துச் சொன்னான்: எல்லாம் ஒரே இணைப்பிலிருந்து வந்தவை. ஸ்கார்வேயா நூலகம்.

நீங்கள் எழுதிய அதே நாள், அதே நாற்பத்தேழு பேர். உங்களிடம் என்ன சொல்லிக் கூட்டிப் போனார்கள்? உங்களுக்குக் காது கேட்காது என்பதை வைத்து, உங்களையும் வாஃபிள் தின்ன உட்கார வைத்துக்கொண்டு இதைச் செய்தார்களா? “சாதாரணம்தான், ரொம்ப ஆடாதே” என்று எனக்குச் சொல்ல இவ்வளவு மெனக்கெட்டிருக்க வேண்டாம். கை தட்டாமல் போனதிலேயே புரிந்துவிட்டது.

லண்டனிலிருந்து “என்ன ஆயிற்று?” என்று கேட்டிருக்கிறார்கள்.

உங்கள் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுன்னிவா


ஸ்கார்வேயா
19 பிப்ரவரி 2012, ஞாயிறு

அன்புள்ள சுன்னிவாவுக்கு,

உன் 22 ஜனவரி கடிதம் 26 அன்று கிடைத்தது. பதில் இவ்வளவு தாமதமானதற்கு உடல்நலம் காரணமன்று. தொடங்கிய கடிதங்கள் முடியவில்லை.

இங்கே தொடர்ந்து தென்மேற்குக் காற்று. இரண்டு நாள் படகு வரவில்லை.

என்னை யாரும் ஏமாற்றவில்லை. இதைத் தெளிவாக எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன். ஊரார் எவர் மனத்திலும் உன்மீது தீங்கில்லை. இதை நீ எந்த ஆதாரமும் கேட்காமல் நம்பவேண்டும் என்று வேண்டுகிறேன். இதுவரை உன்னிடம் நான் எதையும் இப்படிக் கேட்டதில்லை. 11 ஆம் தேதி ஒரு திருத்தம் செய்ய முயற்சி நடந்தது. அதன் பலன் தெரிந்தபின் எஞ்சியதை எழுதுகிறேன்.

லண்டன்காரர்களுக்கு ஒரு முதியவர் கடிதம் எழுதினால் மதிப்பார்களா? ஆங்கிலம் எனக்கு ஓரளவு வரும்.

நன்றாகத் தூங்கு.

டூர்லைவ் மாமா


ஓஸ்லோ
27 பிப்ரவரி 2012

அன்பு மாமா,

காற்று அடங்கியதா? மருந்து வாங்கப் படகு வேண்டுமே என்று கவலையாக இருந்தது.

லண்டனுக்கு எழுத வேண்டாம். முடிந்துவிட்டது. பதினொன்றாம் தேதி அதே நூலகத்திலிருந்து அதே ஆட்கள் மறுபடி வந்து, ஆறை ஏழாக மாற்றியிருக்கிறார்கள். ஏழு! இரண்டு மூன்று பேர் எட்டு. யாரோ ஒரே ஒருவர் பத்து. இதைவிடக் கேலி செய்ய முடியாது. தளத்துக்காரர்கள் மோசடி என்று முடிவு செய்து, ஸ்பெயின்காரர்கள் போட்டதையும் சேர்த்து எல்லாவற்றையும் அழித்து, படத்தின் பக்கத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். லண்டனிலிருந்து நான்கு வரி வந்தது. மரியாதையான நான்கு வரி. மதிப்பெண்ணில் கை வைத்த படத்தை அவர்கள் தொடுவதில்லையாம்.

மீன் நிறுவனத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் ஊராரை விட்டுக்கொடுக்காமல் எழுதுகிறீர்கள். அவர்களோடு வாழ வேண்டியவர் நீங்கள், எனக்குப் புரிகிறது. யாரிடமும் எதுவும் கேட்காதீர்கள். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேசவேண்டாம்.

சுன்னிவா


ஸ்கார்வேயா, கடை
6 மார்ச்

சுன்னிவா கண்ணு,

நல்லா இருக்கியா? எனக்கு உன் மாமா மாதிரி எழுத வராது, பேசற மாதிரியேதான் எழுதறேன். உன் மாமா கடைக்கு வந்து ரெண்டு வாரம் ஆச்சு. நான் சூப்பு கொண்டு போனா, “மிக்க நன்றி, வைத்துவிட்டுப் போ”ங்கறாரு. மேசையில உன் கடுதாசி. நான் படிச்சேன். திட்டறதுன்னா திட்டு.

நீ நெனக்கற மாதிரி இல்லடி. அந்த ஊர்ப்பணிய கூட்டினதே உன் மாமாதான். வீடு வீடாப் போயி, “பத்திரிகைக்காரன் ரெண்டு போட்டான், நாம அத விடலாமா?”ன்னாரு. நூலகத்துக்கார ஆஸ்லாவ்க் ஆளாளுக்கு மின்னஞ்சல் செஞ்சு குடுக்கறதுலயே மூழ்கிட்டா. ஓட்வார் தாள்ல எழுதிக் காட்டிக் கேட்டான், “எத்தன போடணும் டூர்லைவ்?” உன் மாமா கைத்தடியால தரையத் தட்டினாரு. “பகடைக்கு எத்தன முகம்?” “ஆறு.” “அப்ப ஆறு. அதுக்குக் கீழ போடறவனுக்கு வாஃபிள் கிடையாது.”

நாங்க பாத்த விமர்சனத்துல ஆறுக்கு மேல எதுவும் இருந்ததே இல்லையே. திரையில பத்து நட்சத்திரம் இருந்துச்சு. மீதி நாலு அலங்காரத்துக்குன்னு நெனச்சோம். ஆறாவத அமுக்கிட்டு, எங்களுக்குள்ள கொஞ்சம் கர்வமாக்கூட இருந்துச்சு.

உன் கடுதாசி வந்ததும் உன் மாமா எங்கள மறுபடி கூட்டினாரு. “பத்து போடுங்க”ன்னாரு. ஓட்வார் எழுந்து நின்னுட்டான். “பத்துக்குப் பத்தா? அப்ப அடுத்த படத்துக்கு எதக் குடுக்கறது? ஆறுன்னா சரி, பத்திரிகையிலயே குடுக்கறான். பத்துன்னா பீத்திக்கற மாதிரி ஆயிடும்யா. பொண்ணு பேருதான் கெடும்.” எல்லாரும் ஆமா ஆமாங்கறாங்க. உன் மாமா கெஞ்சினாரு. அவரு கெஞ்சி நான் பாத்ததே இல்ல. “ஒரே ஒரு தடவ பீத்திக்குவோமே, யாருக்கும் சொல்ல மாட்டேன்”னாரு. கடைசில ஏழு போட்டாங்க. துணிச்சல்காரங்க எட்டு. நான் பத்து போட்டேன். போட்டுட்டு வீட்டுக்குப் போயி கதவ சாத்திக்கிட்டேன், ஏதோ திருடிட்டு வந்த மாதிரி.

இதயெல்லாம் உனக்கு எழுதணும்னுதான் அவரு தினம் உக்காந்தாரு. முடியல. நான் சொன்னேன்னு காட்டிக்காத. மார்ச் 31, சனிக்கிழம, மன்றத்துல உன் படத்த மறுபடி போடறோம். எல்லாரும் கேக்கறாங்க. நீ வாடி.

போர்கில்ட்


ஓஸ்லோ
14 மார்ச் 2012

அன்பு மாமா,

நன்றாக இருக்கிறேன். நீங்களும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். சூப்பு ஆறுவதற்குள் குடிக்கவேண்டும்.

அந்த இணையத்தள விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன். யூஸ்தைன் இப்போது சொல்கிறான், ஏதோ கணினிக் கோளாறாம். எண்கள் தாமாகவே குழம்பியிருக்கின்றன. யார்மீதும் தவறில்லை. ஊராரைப் பற்றி எழுதியதை மறந்துவிடுங்கள்.

லண்டன் கதவு இனித் திறக்காது. இப்படிப் படம் வாங்கும் வேறு இரண்டு நிறுவனங்களிடமும் கேட்டேன், அவர்களுக்கும் செய்தி போயிருக்கிறது. பரவாயில்லை. சால்மனைப் படமெடுப்பது சுலபம். வசனத்தை மறப்பதில்லை.

31 ஆம் தேதி மன்றத்தில் மறுபடி போடுகிறார்களாமே. வருகிறேன். மாலைப் படகில் வந்துவிடுவேன்.

சுன்னிவா


ஸ்கார்வேயா
2 ஏப்ரல் 2012, திங்கள்

அன்புள்ள சுன்னிவாவுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்றும், வேலைதான் தடுத்தது என்றும் ஆஸ்லாவ்க் எனக்குத் தாளில் எழுதிக் காட்டினாள். மீன்களுக்குப் பேன் பிடித்து, கூண்டுகளைச் சுத்தம் செய்யும் நாளை உங்கள் நிறுவனம் முன்னுக்குத் தள்ளிவிட்டதாமே. செய்தி வருமுன் நான் படகுத்துறைக்குப் போயிருந்தேன். ஓட்வார் கடைசி ஆள் இறங்கியபின்னும் பலகையை எடுக்காமல் சற்று நேரம் நிறுத்திவைத்தான். அவன் அப்படிச் செய்பவனல்லன்.

கணினிக் கோளாறு என்று எழுதியிருந்தாய். கணினியை நான் அறியேன். உன்னை அறிவேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத நான்கு நாட்கள் முயன்றேன்.

31 ஆம் தேதி திரையிடல் ஏழு மணிக்குத் தொடங்கியது. மன்றம் நிறைந்திருந்தது. கடற்கரைக் காட்சியின் தேதி திருத்தப்பட்டிருப்பதைக் கண்டேன், நன்றி. இம்முறை முடிவில் கை தட்டுவது என்று வியாழக்கிழமையே போர்கில்டின் கடையில் கூடிப் பேசி எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். “எவ்ளோ நேரம் தட்டணும்?” என்று ஓட்வார் கேட்டானாம். “பாட்டுக்கு தட்டறியே, அவ்ளோ நேரம்,” என்றாளாம் அவள். “பாட்டுக்கு நான் எப்ப தட்டினேன்?” என்றானாம். நீ வரவில்லை என்று தெரிந்தபிறகும் முடிவை மாற்றவில்லை. யார் தொடங்குவது என்பதை மட்டும் பேசிக்கொள்ள மறந்துவிட்டோம்.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் யாரோ விளக்கைப் போட்டார்கள். எனக்கு ஓசை கேட்காதாகையால் திரும்பி, கைகளைப் பார்த்தேன். எல்லாக் கைகளும் முழங்கால்மேல் இருந்தன. ஓட்வார் தன் கைகளை நெஞ்சளவு உயர்த்தினான். இடமும் வலமும் பார்த்தான். மூக்கைச் சொறிந்துகொண்டு கீழே போட்டான். ஆகவே நான் எழுந்து நின்று தொடங்கினேன்.

மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்களா என்று பார்க்கவில்லை. திரையில் மேலேறிக்கொண்டிருந்த உன் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது போய்விட்டது. பிறகு திரை வெறும் வெள்ளையாயிற்று. தட்டுவதை எப்போது நிறுத்துவது என்பதைக் காது கேட்பவர்கள் ஒருவர் மற்றவரிடமிருந்து தெரிந்துகொள்கிறார்கள் போலும். எனக்கு அது தெரியவில்லை. போர்கில்ட் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ளும்வரை தட்டிக்கொண்டிருந்தேன்.

கடலோர வேலை, கழுத்தை மூடிக்கொள்.

உன் மாமா
டூர்லைவ்